வலி என்றால் பலமா, நோவா?

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்குப் பெயர் வலியறிதல். மனனப் போட்டிக்காக அதைப் படிக்கும் பிள்ளை, "யாருக்கு வலி?" என்று கேட்டால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குத் தெரிந்த வலியெல்லாம் தலைவலி, பல்வலி, வயிற்றுவலிதான். அதே பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள் என்று ஓர் இலக்கணப் பாடம் வரும். அங்கே எதுவும் யாருக்கும் வலிப்பதில்லை (படிப்பவருக்கு வலித்தால் அது வேறு கதை). பலதுறை மருந்தகத்தில் தாதி கேட்பதோ, "வலி எங்க இருக்கு?"

ஒரே சொல்லுக்கு இலக்கியத்தில் பலம், இலக்கணத்தில் ஓர் எழுத்தினம், மருந்தகத்தில் நோவு. சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை 'ஒரு சொல், ஒரு பொருள்' என்ற கணக்கில்தான் பெரும்பாலும் கற்கிறார்கள். அந்தக் கணக்கு இந்தச் சொல்லிடம் செல்லாது. மூத்தோர் உடல்நிலையைச் சொல்லும்போது வேறொரு வகையில் இதே குழப்பம் வருகிறது. அதன் விளைவு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. எனவே வேரிலிருந்தே பார்ப்போம்.

வல் என்னும் வேர்

உடல் பலத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் ஏராளம்: உரன், திறல், மிடல், மதுகை, மொய்ம்பு, நோன்மை, எறுழ். அவற்றில் பெரும்பாலானவை இன்று உரைநூல்களில் மட்டும் வாழ்கின்றன. வல் மட்டும் பிழைத்தது; பிழைத்ததோடு நிற்காமல் கிளையும் விட்டது. அதன் கிளைகளை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பலம்: வலிமை, வலு, வலியவன், வல்லரசு. கொல்லிமலைத் தலைவன் ஓரிக்கு 'வல்வில் ஓரி' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

2. கடினம்: வல்லினம், வன்பொருள். கணினியின் தொட்டுணரக்கூடிய பகுதிக்கு வன்பொருள் என்றும் உள்ளே ஓடும் நிரலுக்கு மென்பொருள் என்றும் பெயர் வைத்தவர்கள், எழுத்துகளை வல்லினம், மெல்லினம் என்று பிரித்த பழைய இணையையே எடுத்துக்கொண்டார்கள். வல்லின் லகரம் னகரமாகத் திரிந்து வன் ஆகிறது.

3. திறமை: வல்லவன், வல்லமை, வல்லுநர். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்னும்போது புஜபலத்தைச் சொல்லவில்லை. புல்லை ஆயுதமாக்குவது கைவந்த வித்தை. கெட்டி என்ற சொல்லும் இதே வழியில் போய்க் கெட்டிக்காரன் ஆனதைக் கவனிக்கலாம். இறுகியது எதுவோ அதுவே திறமையானது என்று தமிழ் இருமுறை முடிவு செய்திருக்கிறது.

4. கட்டாயம்: வன்முறை, வன்கொடுமை, வலுக்கட்டாயம், வல்லடி வழக்கு. 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்ற பழமொழி இந்தக் கிளையின் மொத்தக் கசப்பையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இதே கிளையிலிருந்து சற்று விலகி வலிய என்று ஒரு சொல் இருக்கிறது. 'வலிய வந்த சீதேவி' என்றால் யாரும் கூப்பிடாமல் தானாக வந்தவள். வெளியிலிருந்து தள்ளினால் வலுக்கட்டாயம், உள்ளிருந்தே தள்ளினால் வலிய வருதல். தள்ளும் விசை இரண்டிலும் ஒன்று.

5. பக்கம்: வலம், வலது. பெரும்பாலோருக்குப் பலமான கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வலம் ஆனது. பழைய நூல்களில் வலம் என்பதற்கு வெற்றி என்ற பொருளும் உண்டு. எம்ஆர்டி ரயில் நிலைய நகர்படியில் இடப்பக்கம் நின்றுகொண்டு, அவசரக்காரர்களுக்கு வலப்பக்கத்தை விட்டுக்கொடுக்கிறோமே, அந்த வலமும் இதுதான்.

மலையாளத்தில் இதே குடும்பத்துச் சொல் 'வலிய' என்றால் பெரிய என்று பொருள். பலத்திலிருந்து பருமனுக்குப் போக அங்கே ஓர் அடிதான் தேவைப்பட்டிருக்கிறது.

குறளில் தடுக்கும் இடங்கள்

471ஆம் குறள்:

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

செய்யப்போகும் வேலையின் பலம், தன் பலம், எதிரியின் பலம், இரு பக்கத்துக்கும் துணை வருவோரின் பலம் ஆகிய நான்கையும் எடைபோட்டுச் செய்ய வேண்டும். 'தூக்கி' என்பதும் இங்கே எடைபோட்டு என்றுதான் பொருள்படும். வலியை நோவு என்றும் தூக்கியைக் கையால் தூக்கி என்றும் எடுத்துக்கொள்ளும் மாணவருக்குக் கிடைப்பது வேறொரு குறள்.

இந்த அதிகாரம் பளுதூக்குவோருக்கு எழுதப்பட்டதன்று. தொடங்குவது பகைவனை எதிர்ப்பதில். நடுவில் மயிலிறகு ஏற்றிய வண்டி வருகிறது; இறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். முடிவதோ வரவு செலவில்: வருமானம் வரும் வழி சிறிதாக இருந்தாலும் செலவு போகும் வழி அகலாதவரை கேடில்லை என்கிறது 478ஆம் குறள். வள்ளுவர் காலத்து வலி என்ற சொல்லுக்குள் தோள்பலம், படைபலம், பணபலம் மூன்றும் இருந்தன. 'பண வலிமை' என்றால் இன்று நமக்குச் சற்றுச் செயற்கையாக ஒலிக்கிறது. 'பண பலம்' என்றால் தேர்தல் செய்தியே கண்ணில் வந்துவிடுகிறது.

உண்மையான பொறி 273ஆம் குறளில் இருக்கிறது:

வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம்
புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று.

'வலியில் துடித்தார்' என்று நாள்தோறும் செய்தியில் படிக்கும் கண், இந்த 'வலியில்' என்பதையும் அப்படியே படிக்கும். ஆனால் இங்கே இல் வேற்றுமை உருபன்று. இல்லாத என்று பொருள். வலி இல் நிலைமையான் என்றால் மனத்தை அடக்கும் பலம் இல்லாதவன். அவன் தவக்கோலம் போடுவது, பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்வது போல. வலி என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது, இல் என்பதும் அதன் பக்கத்தில் வேறாகப் படிக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து, பலமில்லாதவனை நோவில் கிடப்பவனாக்கிவிடுகின்றன. உரை இல்லாமல் குறளைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பலம் எப்படி நோவானது?

பலமும் நோவும் எதிரெதிர் அல்லவா, ஒரே சொல் எப்படி இரண்டையும் சுமக்கும்? அவை அவ்வளவு தொலைவில் இல்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் ஒரு நூற்பா: "தாவே வலியும் வருத்தமும் ஆகும்." தா என்ற உரிச்சொல்லுக்குப் பலம் என்றும் வருத்தம் என்றும் இரு பொருள். அதாவது, வலி என்ற சொல் நோவைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே, வேறொரு சொல் பலத்தையும் துன்பத்தையும் ஒன்றாகச் சுமந்திருக்கிறது. அதே உரியியல் "எறுழ் வலி ஆகும்" என்கிறது. "மதவே மடனும் வலியும் ஆகும்" என்று, அறியாமையையும் பலத்தையும் ஒரு சொல்லுக்குள் வைக்கிறது. மூன்று நூற்பாக்களிலும் தெரியாத சொல்லுக்கு விளக்கமாக வருவது வலிதான். அன்று அது எல்லாருக்கும் தெரிந்த, எளிமையான சொல் என்பதற்கு இதுவே ஆதாரம்.

வருத்தம் என்ற சொல்லும் நிலையாக நிற்கவில்லை என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு வருத்தம் என்றால் மனக்கவலை. இலங்கைத் தமிழர் "அவருக்கு வருத்தம்" என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

பலத்திலிருந்து நோவுக்கு வந்த பாதையைப் படிப்படியாக இப்படி விளக்கலாம்:

1. வலித்தல் என்ற வினைக்கு உறுதியாதல், இறுகுதல் என்ற பொருள்கள் உண்டு.

2. அதே வினைக்கு இழுத்தல் என்ற பொருளும் உண்டு. துடுப்பு வலித்தல் என்று இன்றும் சொல்கிறோம். மலையாளத்தில் பீடியை இழுப்பதும் வலிப்பதுதான். இழுத்தல் என்னும் வலித்தலைத் தனி வேராகக் கொள்வாரும் உண்டு. தனியென்றே வைத்தாலும் இரண்டும் நெடுங்காலம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த சொற்கள்.

3. உடலுக்குள் தசை தானாக இறுகி இழுத்தால் அது வலிப்பு.

4. இறுகி இழுக்கும் தசை நோகும். இழுப்பின் பெயரே நோவுக்கும் ஆகிவிட்டது.

நான்காம் படி கற்பனையாகத் தோன்றினால் பிரசவ அறையை நினைத்துப் பார்க்கலாம். "வலி வந்துடுச்சா?" என்று கேட்பவர் நோவை மட்டும் கேட்கவில்லை, கருப்பை இறுகித் தள்ளத் தொடங்கிவிட்டதா என்றுதான் கேட்கிறார். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி என்று எண்ணும்போது எண்ணப்படுவது அந்த இறுக்கம்தான். பலம், இழுப்பு, நோவு மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இன்னும் பிரியாமல் இருக்கின்றன.

வலி இப்படி நகர்ந்ததற்கு இடம் கொடுத்தது இன்னொரு சொல்: நோய். 320ஆம் குறள் "நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்" என்கிறது. பிறருக்குத் துன்பம் செய்தவரையே துன்பமெல்லாம் சேரும் என்பது பொருள். தொற்றுநோய் பரப்பியவரைப் பற்றிய குறள் அன்று. நோய் முன்பு நோவு, துன்பம், காதல் ஏக்கம் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது. பின்னர் அது மருத்துவர் பெயர் சூட்டும் பிணியாகச் சுருங்கியது. நாற்காலி விளையாட்டுப் போல, நோய் எழுந்த இருக்கையில் வலி உட்கார்ந்தது. வலி எழுந்த இருக்கையில் மை விகுதியோடு வலிமையும், பேச்சில் வலுவும் உட்கார்ந்தன. நோவு மட்டும் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. "கால் நோவுது" என்று சொல்லும் பாட்டி பேசுவது பழைய தமிழ். கொச்சை என்று திருத்த வேண்டியதில்லை.

பலம், சக்தி, தெம்பு

அன்றாடப் பேச்சில் வலிமையைவிட அதிகம் புழங்குவது பலம். சமஸ்கிருத வழி வந்த சொல். வல் என்பதோடு அதற்கு உறவு உண்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. வேர் எதுவானாலும் குணம் ஒன்றுதான். ஒரு பக்கம் பலசாலி, மறுபக்கம் பலவந்தம், பலாத்காரம். தமிழ் வேரிலிருந்து வன்புணர்ச்சி. உடல் பலத்தின் சொல்லிலிருந்தே பாலியல் கொடுமைக்கும் பெயர் எடுக்க வேண்டியிருந்தது இரு மரபிலும் நடந்திருக்கிறது. நாளிதழ்கள் இப்போது பலாத்காரத்தைவிட வன்கொடுமை என்ற சொல்லை விரும்புகின்றன. அது நல்ல மாற்றம். பலாத்காரத்தில் பலம்தான் முன்னால் நிற்கிறது, வன்கொடுமையில் கொடுமை என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். சக்தி என்றால் ஆற்றல். மின்சாரத்துக்கும் அம்மனுக்கும் பொருந்தும், தோள்தசைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பயில்வான் பாரசீகத்திலிருந்து வந்தவர். திடகாத்திரம் உடற்கட்டைச் சொல்லும். அந்தக் கட்டால் என்ன தூக்க முடியும் என்பதைச் சொல்லாது. தெம்பு, சத்து, திராணி மூன்றும் பெரும்பாலும் இல்லாதபோதுதான் பேச்சில் வருகின்றன: "நடக்கத் தெம்பில்ல", "உடம்புல சத்தே இல்ல", "பேசத் திராணியில்ல". காப்பிக்கடையில் மட்டும் இவற்றில் எதுவும் செல்லுபடியாகாது. டீ ஸ்ட்ராங்காக வேண்டும் என்றுதான் கேட்கிறோம். வலிமையான தேநீர் என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

இங்கே மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்

1. இலக்கண வகுப்பு. க், ச், ட், த், ப், ற் ஆறும் வல்லினம். வலி என்பது இங்கே அந்த இனத்தின் பெயர். வலி மிகும் என்றால் இரு சொற்கள் சேரும்போது நடுவில் க், ச், த், ப் ஆகியவற்றில் ஒன்று கூடுதலாக வரும். உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தின் பெயரில் உமறு என்பதற்கும் புலவர் என்பதற்கும் நடுவே நிற்கும் ப் தான் மிகுந்த வலி. ஆசிரியர்கள் முதல் நாளே "இந்த வலி வல்லினம், நோவில்லை" என்று சொல்லிவிட்டால் பாதிச் சுமை குறையும்.

2. தேசிய சேவை (சிங்கப்பூர் ஆண்களின் கட்டாயச் சீருடைப் பணி). பயிற்சியிலும் தேர்விலும் இங்கே நிலைத்திருக்கும் சொல் உடலுறுதி. அது பொருத்தமான சொல். 2015இல் நடைமுறைக்கு வந்த தேர்வு முறையில் தண்டால், வயிற்றுத்தசைப் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என மூன்று அங்கங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தண்டால் என்பது தசை எவ்வளவு தாங்குகிறது என்பதை அதிகம் காட்டும். ஒரே முறையில் எவ்வளவு எடை தூக்க முடியும் என்பதைக் குறைவாகத்தான் காட்டும். ஓட்டம் இதயமும் நுரையீரலும் சார்ந்தது. உடற்பலத் தேர்வு என்று பெயர் வைத்திருந்தால் மூன்றில் பாதியைத் தவறாகச் சொன்னதாகியிருக்கும்.

3. மருத்துவமனை. சொல் தவறினால் இங்கேதான் இழப்பு பெரிது. வலி, வலு, வலிப்பு மூன்றும் காதுக்கு நெருக்கம், பொருளில் தூரம். கை வலிக்கிறது என்றால் நோவு. கையில் வலுவில்லை என்றால் நோவே இல்லாமல்கூட விரல் பிடிப்பு நழுவலாம். வலிப்பு என்றால் மூளையின் மின்னோட்டம் தாறுமாறாகி உடல் வெட்டி இழுப்பது. இவற்றோடு 'இழுப்பு' சேரும்போது சிக்கல் முற்றுகிறது. "இழுத்துக்கிச்சு" என்பதைச் சிலர் வலிப்புக்கும் சிலர் பக்கவாதத்துக்கும் சொல்கிறார்கள்; "இழுப்பு இருக்கு" என்றால் மூச்சுத்திணறல். பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலையில், எது எதுவாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

பக்கவாதத்தில் இது நேரத்தை விழுங்கும். பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். நோவு பெரும்பாலும் இருக்காது. "வலி ஒண்ணும் இல்லம்மா, கைதான் ஒரு மாதிரி இருக்கு, படுத்தா சரியாயிடும்" என்று தாத்தா சொல்வதையும், வலி இல்லை என்பதால் வீட்டார் நிம்மதி அடைவதையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வலி இல்லாமை அங்கே நல்ல செய்தியன்று. ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழைத்து "வலது கை திடீர்னு வலுவிழந்துடுச்சு, தூக்க முடியல, எட்டு மணிக்கு ஆரம்பிச்சுது" என்று, பக்கமும் நேரமும் சேர்த்துச் சொல்வதே பயனுள்ள வாக்கியம்.

மெதுவாக வரும் வலுவிழப்பு வேறு. வயதோடு தசையின் அளவும் வலுவும் குறைவதற்குத் தசைநலிவு என்று பெயர். "பலமே இல்ல" என்று மூத்தவர் சொன்னால் மருத்துவர் முதலில் பிரிக்க வேண்டியது களைப்பா, மூச்சு வாங்குகிறதா, தலைசுற்றலா, தசையே வலுவிழந்ததா என்பதை. கடைசியாகச் சொன்னதை அளக்க முடியும். ஆசிய தசைநலிவுப் பணிக்குழுவின் 2019ஆம் ஆண்டு அளவுகோலில், கைப்பிடி அழுத்தம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழ் இருந்தால் வலு குறைவு. கருவி இல்லாவிட்டால் நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது அதே அளவுகோல்.

வீட்டிலிருந்து மருந்தகத்துக்குக் கிளம்புமுன் மூத்தவரிடம் "வலி இருக்கா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது: எங்கே நோவுது? சாமான் தூக்கும்போது கை நழுவுதா? நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கா? மாடிப்படியில் மூச்சு வாங்குதா, கால் நடுங்குதா? தமிழ் தெரியாத மருத்துவரிடம் "அவருக்குப் பலமில்லை" என்று சொல்வதைவிட, இந்த நான்கு பதில்களை அப்படியே சொல்வது மொழிபெயர்க்கவும் எளிது.